தட்டில் செத்த கிருமி

என் அண்ணனின் கண்ணீர் அஞ்சலி பேனரில் இருந்த படம் நல்ல படம்தான். தோளில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு, குந்தி உட்கார்ந்திருப்பார். பேனர் அடித்த கடைக்காரர் பின்னணியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு புறாக்களையும் ஒரு சூரியனையும் ஒட்டியிருந்தார். அவசர வேலை. அதனால் அண்ணனின் இடது முழங்கைக்குக் கீழே ஓலைப்பாய் ஒரு துண்டு வெட்டுப்படாமல் அப்படியே நின்றுவிட்டது. கோட்டைப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் அந்த பேனர் கிழிந்து தொங்கும் வரை, ஊருக்குப் போகும்போதெல்லாம் என் கண் அண்ணன் முகத்துக்குப் போகாது. அந்த ஓலைத் துண்டுக்குத்தான் போகும். அது அவர் வீட்டுக் கருவாட்டுக் குழியை மூடியிருந்த பாய். அந்தப் படத்தை எடுக்க ஆள் அனுப்பியது எங்கள் கல்லூரி.

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்கிறேன். முன்நெற்றியில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் ஆராய்ச்சி மாணவி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கல்யாணம், பிள்ளைகள், தனியார் பள்ளிக்கூட வேலை எல்லாம் பார்த்து முடித்து மிச்ச உயிரோடு படிக்க வந்தவள். கிருமிகளில் நல்லதும் உண்டு, நல்லவற்றில் சில கெட்டவற்றைக் கொல்லவும் செய்யும், அப்படி ஒன்றைத் தேடுவதுதான் என் வேலை என்று முடிவானது. தயிரிலும் இட்லி மாவிலும் ஏற்கெனவே ஆளுக்கு ஆள் தேடிவிட்டார்கள். "உங்க கடற்கரைப் பக்கம் மீனைப் புளிக்க வைக்கிற வழக்கம் ஏதாவது இருக்கா?" என்று எனக்கு வழிகாட்டியாக இருக்கும் மேடம் கேட்டார். அண்ணன் வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் என் மூக்குக்கு ஞாபகம் வந்தது.

கெளுத்தி, திருக்கை என்று பச்சையாக விலை போகாத மீன் வலையில் நிறைய விழும். அதைக் குடல் எடுத்து, உப்பைத் திணித்து, ஓலைப்பாயில் சுருட்டி, கொல்லையில் மணலுக்குள் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் எடுத்தால், வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி விறைப்பாக இருக்காது. மெத்தென்று, லேசான புளிப்போடு இருக்கும். பிடித்தவர்களுக்கு உயிர். பிடிக்காதவர்கள் அந்தத் தெருவிலேயே நடக்க மாட்டார்கள். மீனிலிருந்து இறங்கும் உப்புத் தண்ணீர் குழியின் அடியில் பதித்திருக்கும் மண்சட்டியில் சேரும். அதைக் கொட்டுவதில்லை. அடுத்த முறை மீன் வைக்கும்போது அதிலிருந்து ஒரு அகப்பை மோந்து மேலே தெளிப்பார்கள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. முள் குத்தினாலோ வலைக்கயிறு கையை அறுத்தாலோ அந்தத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதும் உண்டு. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வரும். வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

அண்ணன் நாட்டுப்படகில் போகிறவர். குழி வேலையும் விற்பனையும் மதினி பொறுப்பு. அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து, பாட்டிலை மூன்று பாலித்தீன் பைக்குள் கட்டி, அறந்தாங்கி வழியாக பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க கடைசி சீட்டுக்குப் போயிருங்க" என்றார். நானும் போய்விட்டேன். கடைசி சீட்டு முழுக்க எனக்குத்தான் கிடைத்தது.

அந்தத் தண்ணீருக்குள் ஒரு ஊரே இருந்தது. பிரித்துப் பிரித்து வளர்த்ததில் ஒன்று, பாலைத் தயிராக உறைய வைக்கும் கிருமிக்குப் பங்காளி முறை, தேறியது. அது என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு கண்ணாடித் தட்டில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமியைப் புல்வெளி மாதிரி பரப்ப வேண்டும். நடுவில் சின்னதாக ஒரு குழி போட்டு, நம் கிருமி வளர்ந்த நீரில் சில சொட்டு விட வேண்டும். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கச் சீழ்க்கிருமி மண்டியிருக்கும். குழியைச் சுற்றி மட்டும் வெறுமையாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் அது வாழ முடியவில்லை என்று அர்த்தம். மருந்துக் கடையில் விற்கும் மாத்திரைகளுக்கு அடங்காத கிருமியைப் பரப்பினாலும் அந்த வட்டம் விழுந்தது. நான் அன்றைக்கு லேபில் குதிக்காத குறைதான்.

மேடம் குதிக்கவில்லை. "எழுதுறப்ப ஆய்வகத் தட்டில் அப்படிங்கிற வார்த்தையை மட்டும் விட்டுடாதே" என்றார். நான் விடவில்லை. மேடமும் விடவில்லை. ஆனால் கல்லூரிக்கு விளம்பரம் வேண்டியிருந்தது. யாரோ ஒரு ஆள் கேமராவோடு கோட்டைப்பட்டினம் போய், குழிக்குப் பக்கத்தில் அண்ணனை உட்கார வைத்துப் படம் எடுத்தார். செய்தி வந்தது. தலைப்பில் கருவாடு இருந்தது, கொல்லும் என்ற சொல் இருந்தது, புரோபயாடிக் என்பதும் இருந்தது. தட்டு இல்லை.

அண்ணன் அந்தச் செய்தியை லேமினேட் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அது சுற்றி, மணமேல்குடிக்குப் போய், அங்கிருந்து சுருங்கி ஒரு வரியாகத் திரும்பி வந்தது: இந்தக் குழித்தண்ணி எந்தப் புண்ணையும் ஆத்தும். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படகுக்காரர்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து துபாய்க்குத் திரும்பிப் போகிற ஒரு தம்பி, சர்க்கரைப் புண்ணுக்கென்று ஒரு அம்மா. அண்ணன் எல்லோருக்கும் சும்மா மோந்து ஊற்றிக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டு வந்ததில்லை. இப்போது வாசலில் நின்று கேட்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

"அண்ணே, இது மருந்து இல்லண்ணே" என்று எத்தனையோ முறை சொன்னேன். "தட்டுல செத்துச்சுன்னா ஒடம்புல சாவும்னு இல்ல. இந்தத் தண்ணில நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. நான் ஒன்ன மட்டும் தனியா எடுத்துல்ல வளக்குறேன்."

"சரித்தா, சரித்தா" என்பார். "தட்டுல சாவுறது தண்ணில சாவாதா? நீ படிச்சவ, பயப்படுற."

"உங்களுக்குச் சுகர் இருக்கு. நீங்க மட்டுமாவது அதுல கைய கால வைக்காதீங்க."

"ஒன் கிருமிய நீயே நம்பலன்னா யாரு நம்புவா?" என்று சிரிப்பார். மதினியும் சேர்ந்து சிரிக்கும். காதில் பாதியை மட்டும் வாங்கிக்கொள்கிற ஜாதி எங்கள் குடும்பம். அதிலும் எந்தப் பாதியை என்று சரியாகத் தேர்ந்தெடுத்து வாங்குவார்கள்.

படகில் வலையை உதறும்போது கெளுத்தி முள் அவர் பாதத்தில் ஏறியது. கெளுத்தி முள் ஏறாத மீனவர் கால் அந்தக் கரையில் கிடையாது. அவர் வழக்கம்போலப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து குழித்தண்ணீரில் காலை வைத்தார். எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று மதினியிடம் சொல்லி வைத்திருந்தார். சர்க்கரையில் மரத்துப்போன பாதம் என்பதால் வலியும் பெரிதாக இல்லை. வலிக்காததை அவர் ஆறுவதாக எடுத்துக்கொண்டார்.

மதினி போன் பண்ணியபோது அதன் குரலே சரியில்லை. "நீ கொஞ்சம் வந்துட்டுப் போறியாத்தா? ஒங்க அண்ணனுக்குக் குளிரு விட்டு விட்டு வருது. ஆஸ்பத்திரின்னா சண்டைக்கு வர்றாரு."

போனேன். வாசலில் அந்த லேமினேட் செய்தி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. குழி நாற்றம் எனக்குத் தெரியும். அது உப்பும் புளிப்புமான நாற்றம், உயிருள்ள நாற்றம். இது வேறு. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் காலை வைத்திருந்தார். டப்பில் குழித்தண்ணீர். நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதை ஒட்டிய பாதம் பளபளவென்று வீங்கி, கணுக்கால் வரை சிவந்திருந்தது.

டப்பைத் தூக்கி வாசலில் கொட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பக்கத்து வீட்டில் பாங்கு சத்தத்துக்கு டிவியை நிறுத்தியவர்கள் என் சத்தத்துக்கு வெளியே வந்துவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு நான் போயி ஆஸ்பத்திரில படுத்தா என்னாம்பானுக? ஒன்னையவும்ல சேத்துப் பேசுவானுக."

அவர் பயந்தது காலுக்காக இல்லை, வாசலில் மாட்டியிருந்த அந்தப் படத்துக்காக. அந்தப் படத்தில் இருக்கிற ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. கோபம் எனக்குத் தலைக்கேறி, அவரை அடித்திருப்பேன். மதினிதான் ஆட்டோவைக் கூப்பிட்டது.

புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்தது. மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும், அடங்கும் என்றால் எஸ், அடங்காது என்றால் ஆர். ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றுக்கும் நேரே ஆர். எத்தனையோ முறை அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். அடங்காத கிருமி கிடைத்தால்தானே என் கிருமியின் பெருமை தெரியும்? மிச்சமிருந்த மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். வார்டில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னார். "மருந்து கேக்கும்ங்க. ஆனா அது கால் வரைக்கும் போய்ச் சேரணும். சுகர்ல ரத்தக்குழா அடைச்சுக் கெடக்கு." முதலில் விரலை எடுத்தார்கள்.

அண்ணனிடம் கேட்டு, ஆஸ்பத்திரி அனுமதியோடு அந்தக் கிருமியை என் லேபுக்கு வாங்கி வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஆராய்ச்சிக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். பொய். வேறு எதையும் செய்ய முடியாதவள், தெரிந்த ஒன்றைச் செய்தேன். தட்டில் அதைப் பரப்பி, நடுவில் குழி போட்டு, குழித்தண்ணீரிலிருந்து பிரித்த என் கிருமியின் நீரை விட்டேன்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வட்டம் விழுந்திருந்தது. அதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய வட்டம். கரை வெட்டினாற்போல, ஒரு புள்ளிகூட உள்ளே இல்லாமல். மேடம் பக்கத்தில் வந்து பார்த்தார். என் தோளில் கை வைத்தார். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நாலு பஸ் ஸ்டாப் தள்ளி என் அண்ணன் காலைத் தின்றுகொண்டிருக்கும் கிருமி, என் கையில் தோற்றுப்போய்க் கிடந்தது.

லேபிலிருந்து நேரே வார்டுக்குப் போனேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, மதினி கண்டுபிடித்துவிட்டது. சொல்ல வேண்டியதாகிவிட்டது. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"செத்துச்சா?"

"தட்டுல செத்துச்சுண்ணே."

"நம்ம கொழியில எடுத்ததுக்கா?"

"ஆமா."

அவர் முகத்தில் அந்தப் படத்தில் இருந்த சிரிப்பு வந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, அதோடு சிரித்தார். "அப்பக் கொண்டு வந்து ஊத்து. நான் ஊத்துனது கழிவுத் தண்ணி, அதான் கேக்கல. நீ சுத்தமா வச்சிருக்கல்ல?"

நான் முடியாது என்றேன். உயிருள்ள கிருமியைத் திறந்த புண்ணில் விட்டால், சர்க்கரை நிறைந்த ரத்தத்துக்குள் அது போனால், அது யார் பக்கம் சேரும் என்று எனக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். வடிகட்டிய நீரைக்கூட எந்த மனிதர் உடம்பிலும் இதுவரை விட்டுப் பார்த்ததில்லை என்றேன். எலியில் பார்க்க வேண்டும், பிறகு அனுமதி வாங்க வேண்டும், வருஷக்கணக்காகும். டாக்டரம்மாவும் வந்து இதையே சொன்னார். அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"அப்ப பேப்பர்ல போட்டது?"

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"முட்டிக்குக் கீழ எடுக்கணும்ங்குறாங்கத்தா. எடுத்துட்டா நான் படகுல நிக்க முடியாது. எப்படியும் போற காலுதான? ஒரு சொட்டு ஊத்திப் பாரு. வெளிய தெரியாது."

"மாட்டேண்ணே."

"ஒன் கிருமிய நீயே நம்பல" என்றார். முன்பு சிரித்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை. இப்போது சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் செய்தது சரி. எத்தனை முறை யோசித்தாலும் சரிதான். ஊற்றியிருந்தால் அதுவே அவரைக் கொன்றிருக்கலாம். அப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் சரியாகச் செய்துவிட்டோம் என்பது எந்த ஆறுதலையும் கொண்டு வராது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலை எடுத்தார்கள். கிருமி அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறியிருந்தது. சிறுநீர் நின்றது, நினைவு போய்ப் போய் வந்தது. மதினி ஸ்பூனில் கஞ்சியை வைத்துக்கொண்டு வாயருகில் நின்றதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. கஞ்சி ஓரமாக வழிந்தது. மதினி துடைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை நீட்டியது.

பேனருக்குப் படம் தேடியபோது அவருடைய நல்ல படம் அந்த ஒன்றுதான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே, பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவர் வெறும் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றார். மகனுக்குக் கையில் முள் ஏறிவிட்டதாம். "அண்ணன் குடுத்த தண்ணிலதான் போன தடவ எனக்கு ஆறுச்சு மதினி, கொஞ்சம் ஊத்திக் குடுங்க." மாலை போட்ட படம் அவர் தலைக்கு மேலேதான் தொங்கியது. மதினி, "மொதல்ல பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ" என்று கத்தியது. அவர் போகும்போது, "குடுக்க மனசு வரல, அதுக்கு ஏன் கத்தணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்றைக்கே மதினி மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடியது. ஆனால் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே உறையாகத் தெருவில் பாதி வீட்டுக் குழிகளுக்குப் போயிருந்தது.

சில மாதம் கழித்து, ஏதோ ஒரு சான்றிதழ் வேலையாகக் கலெக்டர் ஆபீஸ் வந்த மதினி என் லேபுக்கும் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, புடவைத் தலைப்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரி மாதிரியே மணக்குது என்றது. பிறகு, "அவரு கால்ல எடுத்தியே, அது இருக்கா?" என்று கேட்டது.

இருந்தது. எங்கள் லேபில் அதற்கு ஒரு எண் உண்டு. அண்ணன் பெயர் எங்கும் கிடையாது. கூட்டங்களில் அதை நோயாளியிடமிருந்து எடுத்தது என்று சொல்லித்தான் காட்டுவேன். எங்களிடம் இருப்பதிலேயே அடங்காதது அது என்பதால், எந்தப் புதுச் சோதனைக்கும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். மதினி கேட்டதும் மூடியிட்ட தட்டை எடுத்துத் தொடாமல் பார்க்கச் சொல்லிக் காட்டினேன். மஞ்சளாக, சின்னச் சின்னப் பொட்டுகள்.

"இம்புட்டுத்தானா?" என்றது. ரொம்ப நேரம் பார்த்தது. "இன்னும் உசுரோடயா இருக்கு?"

"ஆமா மதினி."

"எப்படி இருக்கும்? தின்ன என்ன இருக்கு இதுக்கு?"

"கஞ்சி மாதிரி ஒன்னு காச்சி ஊத்தி ஒறைய வைப்போம். சில சமயம் ஆட்டு ரத்தமும் கலப்போம். தீந்துச்சுன்னா செத்துப் போயிரும். அதனால வாரா வாரம் புதுத் தட்டுக்கு மாத்தி விடுவோம்."

"யாரு மாத்துறது?"

"நான்தான்."

மதினி தலையை ஆட்டியது. அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அவருக்குக் கடைசியில ஒரு வாய்க் கஞ்சி எறங்கலத்தா" என்று மட்டும் சொன்னது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக மதினியை உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றைக்குத் தட்டு மாற்ற வேண்டிய நாள். கையைக் கழுவிக்கொண்டு, கஞ்சியைக் காய்ச்சி ஊற்றி, உறைந்ததும் அந்தக் கிருமியைப் புதுத் தட்டுக்கு மாற்றிவிட்டேன்.